எஞ்சின் டிரைவர் மகனும் ஊறுகாய்ப்புல்லும்

ரயில் எஞ்சின் ஓட்டியவரின் மகன் ஒருவர் மாட்டுக்குப் போடும் புல்லை ஆராய்ந்தார், அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று சொன்னால், தோழர்களே, உங்களில் பாதிப்பேர் நம்ப மாட்டீர்கள். நோபல் பரிசு என்றதும் அணுகுண்டு, நட்சத்திரம், பெரிய பெரிய மருந்து என்றுதான் நம் நினைப்பு ஓடுகிறது. புல்லுக்குமா பரிசு? ஆமாங்க, புல்லுக்குத்தான். 1945-ஆம் ஆண்டு வேதியியல் பரிசு அப்படித்தான் கொடுக்கப்பட்டது. வாங்கியவர் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆர்த்துரி இல்மாரி விர்த்தனென். லயத்துக்குப் பின்னால் நாலு ஆடு கட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இவர் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தோன்றியது. ஆகவே இந்த வாரம் இவரைப் பற்றியே பேசுவோம்.

பின்லாந்து எங்கே இருக்கிறது? ஐரோப்பாவின் வடகோடியில். ஒரு பக்கம் ரஷ்யா, ஒரு பக்கம் சுவீடன். நமக்கு வருஷம் பூராவும் ஒரே வெயில், ஒரே மழை. அங்கே அப்படி இல்லை. கோடை வந்த சுவடு தெரியாமல் போய்விடும். பிறகு பனி. ஏழெட்டு மாதம் மாட்டைக் கொட்டகையை விட்டு வெளியே விட முடியாது. நிலமெல்லாம் வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கும். ஒரு புல் முளைக்காது. அந்த ஏழெட்டு மாதமும் மாடு எதைத் தின்னும்? இந்த ஒரு கேள்விதான் விர்த்தனெனின் வாழ்க்கையை இழுத்துக்கொண்டு போனது.

அவர் 1895 ஜனவரி 15-ஆம் நாள் ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். தகப்பனார் ரயில் எஞ்சின் டிரைவர். பணக்கார வீடு இல்லை. ஆனாலும் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். பள்ளிப் படிப்பு வீப்புரி என்ற ஊரில். அந்த ஊர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரஷ்யாவின் கைக்குப் போய்விட்டது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதன் பிறகு ஹெல்சிங்கிப் பல்கலைக் கழகத்தில் வேதியியல், உயிரியல், பௌதிகம் எல்லாம் படித்தார். 1919-இல் டாக்டர் பட்டம் வாங்கியபோது வயது 24.

அந்த நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பின்லாந்து ரஷ்யப் பேரரசின் பிடியிலிருந்து விடுபட்டது 1917-இல்தான். 1918-இல் சொந்த மக்களுக்குள்ளேயே சண்டை, ரத்த ஆறு. அதே 1918-இல் ஒரு சட்டமும் வந்தது. பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த குடியானவர்கள், தாங்கள் உழுத நிலத்தை விலை கொடுத்துச் சொந்தமாக்கிக் கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. சொந்த நிலம் இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் பாடுபடுவது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மக்களுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் நிலம் கிடைத்தால் மட்டும் போதுமா? ஒரு சின்னத் துண்டு நிலம், இரண்டு மூன்று மாடு. பால் விற்றால்தான் கையில் காசு. குளிர்காலத்தில் பால் வற்றிப் போனால் கடன். கடன் ஏறினால் வந்த நிலம் வந்த வழியே போய்விடும்.

விர்த்தனென் சேர்ந்தது வாலியோ என்ற கூட்டுறவு நிறுவனத்தில். 1905-இல் 17 கூட்டுறவுப் பால் நிலையங்கள் சேர்ந்து, வெண்ணெயை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக ஏற்படுத்திக் கொண்ட சங்கம் அது. முதலாளி வைத்த கம்பெனி இல்லை. பால் கறப்பவர்களே சொந்தக்காரர்கள். கூட்டுறவு என்றால் என்ன என்பது நம் மக்களுக்குப் புதிது இல்லை. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டித்தானே தோட்டம் வாங்கினார்கள்! பால்காரர்களின் கூட்டுறவு ஒன்று ஆராய்ச்சிக்கூடமும் வைத்து, படித்த பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்ததே, அதை நாம் பெரிய காரியமாகவே நினைக்கிறோம். பல சங்கங்களுக்கு அந்த யோசனையே வருவதில்லை.

1920-இல் லில்யா என்ற தாவர இயல் படித்த பெண்ணை மணந்தார். இரண்டு ஆண் பிள்ளைகள். சுவிட்சர்லாந்து, சுவீடன் என்று போய் மேலும் படித்தார். சுவீடனில் ஹான்ஸ் வான் ஆய்லர் என்ற பேராசிரியரிடம் நொதிகளைப் பற்றிக் கற்றார். அந்தப் பேராசிரியரும் பின்னால் 1929-இல் நோபல் பரிசு பெற்றவர். 1921-லேயே வாலியோ ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்துவிட்டது.

முதல் வேலை வெண்ணெயில். கப்பலில் போகும் வெண்ணெய் போய்ச் சேருவதற்குள் ருசி கெட்டு விடுகிறது என்று புகார். பார்த்தார். வெண்ணெயில் புளிப்பு அதிகமாக இருந்தால் சீக்கிரம் கெடுகிறது என்று கண்டார். புளிப்பைக் குறைக்க ஒரு வகை உப்பைச் சேர்த்தார். வெண்ணெய் நின்றது. அவர் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து அதற்கு ஏ.ஐ.வி. உப்பு என்று பெயர் வந்தது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் புளிப்பைக் குறைத்தவர், அடுத்து புல்லில் அதே புளிப்பை ஏற்றப் போகிறார்.

இப்போது புல்லுக்கு வருவோம்.

கோடையில் புல்லை வெட்டி வெயிலில் காயவைத்து வைக்கோல் மாதிரி அடுக்கி வைப்பது அங்கே பழைய வழக்கம். வெயில் சரியாக அடித்தால் நல்லது. மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் வீண். காய்ந்தாலும் சத்தில் ஒரு பங்கு போய்விடும். புல்லின் பச்சையோடு இருக்கும் மஞ்சள் சத்து, அதாவது உடம்பில் போய் வைட்டமின் ஏ ஆகிற பொருள், வெயிலில் அழிந்து போகும். அதனால் குளிர்காலத்தில் பாலும் குறையும், வெண்ணெயும் வெளுத்துப் போகும். அந்தப் பாலைக் குடிக்கிற குழந்தைக்கும் சத்துக் குறைவு. வெளிநாட்டிலிருந்து புண்ணாக்கு வாங்கிப் போடலாம். அதற்குக் காசு யாரிடம் இருக்கிறது?

இன்னொரு வழியும் இருந்தது. பச்சைப் புல்லைக் குழியில் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடி வைப்பது. ஆங்கிலத்தில் சைலேஜ் என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஊறுகாய்ப்புல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம். இது விர்த்தனெனுக்கு முன்பே இருந்த முறைதான். ஆனால் நம்ப முடியாத முறை. ஒரு வருஷம் நன்றாக வரும். மறுவருஷம் மூடியைத் திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

ஏன் இப்படி? வீட்டில் பால் உறை ஊற்றுகிற அம்மாமார்களுக்கு இது சுலபமாகப் புரியும். நல்ல கிருமி வேலை செய்தால் பால் தயிராகும். கெட்ட கிருமி முந்திக்கொண்டால் அதே பால் திரிந்து நாறும். புல்லிலும் அதே கதைதான். வெட்டிய புல் உடனே செத்துவிடுவதில்லை. மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, தன் சர்க்கரையைத் தானே எரித்துக்கொண்டு சூடாகிறது. காற்று நின்றதும் தயிர்க்கிருமி மாதிரியான கிருமிகள் மிச்சமுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றத் தொடங்கும். புளிப்பு சீக்கிரம் ஏறினால் பிழைத்தது. ஏறுவதற்கு நேரமானால், மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு கிருமி தலை தூக்கும். அதுதான் ஊசிப்போன வெண்ணெய் நாற்றத்தைக் கொடுப்பது. புல்லில் உள்ள புரதத்தைத் தின்று தீர்ப்பதும் அதுதான். அந்தக் கிருமி பாலிலும் வந்து சேரும். அந்தப் பாலில் செய்த பாலாடைக்கட்டி வாரக்கணக்கில் கழித்து உப்பி வெடிக்கும். கூட்டுறவுக்கு அதனாலும் நஷ்டம்.

எந்த அளவு புளிப்பில் இந்தக் கெட்ட வேலையெல்லாம் நிற்கிறது என்று விர்த்தனென் அளந்து பார்த்தார். விஞ்ஞானிகள் புளிப்பை பி.எச். என்ற கணக்கில் சொல்வார்கள். சுத்தத் தண்ணீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4-க்குக் கொஞ்சம் கீழே போனால் போதும், புல் மூச்சு விடுவதும் அடங்குகிறது, கெட்ட கிருமியும் அடங்குகிறது, சத்து அப்படியே நிற்கிறது என்று கண்டார். அப்படியென்றால் கிருமி புளிக்க வைக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நாமே புளிப்பை ஊற்றிவிட்டால் என்ன? உப்பமிலமும் கந்தக அமிலமும் தண்ணீரில் நன்றாகக் கலந்து, புல்லை அடுக்கடுக்காகப் போடும்போதே மேலே தெளித்தார். 1928-இல் இந்த முறை உருவானது. இதற்கும் ஏ.ஐ.வி. என்றே பெயர் வந்தது.

சொல்வது சுலபம். குடியானவன் கண்ணால் பாருங்கள். மாட்டுத் தீனியில் ஆசிட் ஊற்றச் சொல்கிறான் பட்டணத்துப் படிப்பாளி! மாட்டு வயிறு வெந்து போகாதா, எலும்பு கரைந்து போகாதா, பாலில் ஆசிட் வராதா? இந்தக் கேள்விகளை எழுப்பியவர்கள் குடியானவர்கள் மட்டும் இல்லை, படித்தவர்களும்தான். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்றே நாம் சொல்லுவோம். இரண்டு மாடு வைத்திருப்பவன் ஒரு மாட்டைச் சோதனைக்குக் கொடுக்க முடியுமா?

விர்த்தனென் வாதாடிக்கொண்டு உட்காரவில்லை. மாடுகளுக்கு அந்தப் புல்லைப் போட்டு, பாலை அளந்து, வெண்ணெயைச் சோதித்து, மாட்டின் ஆரோக்கியத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். பால் குறையவில்லை. வெண்ணெயின் நிறம் கோடைக்காலத்து மஞ்சளுக்குக் கிட்டே வந்தது. மாட்டுக்கும் கெடுதல் இல்லை. 1933-இல் ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் சிப்போ என்ற இடத்தில் தாமே ஒரு பண்ணை வாங்கி, தம் முறையைத் தம் நிலத்திலேயே நடத்திப் பார்த்தார். நாலு சுவருக்குள் கண்டுபிடித்துவிட்டு மற்றவர்கள் தலையில் கட்டவில்லை. அதுதான் நமக்குப் பிடித்த குணம்.

குறையும் உண்டு. அந்த ஆசிட் கையில் பட்டால் சுடும், துணியில் பட்டால் ஓட்டை. சிமெண்டுத் தொட்டியையும் அரித்துவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்கும்கூட. ஆகவே பரம ஏழைக்கு அது முதல் நாளே கைக்கு எட்டியது என்று சொல்ல முடியாது. பின்னால் 1960-களில் அந்தக் கடுமையான ஆசிட்டுகளுக்குப் பதிலாக ஃபார்மிக் ஆசிட் வந்தது.

ஃபார்மிக் ஆசிட்! பால்மரம் சீவியவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பீர்கள். ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற அதே ஆசிட்தான். அங்கே பின்லாந்தில் மாட்டுப் புல்லைக் காக்கிறது, இங்கே நம் கையில் ரப்பர் பாலை உறைய வைத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டோர் ஆசிட்டை எடுத்துக்கொண்டு ஆட்டுப் புல்லில் ஊற்றிவிடாதீர்கள். அளவு தெரியாமல் ஊற்றினால் ஆட்டுக்கும் ஆபத்து, உங்கள் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. நமக்கு அது தேவையும் இல்லை. கரும்புச் சர்க்கரைப்பாகு போதும். ஏன் என்று சொல்லுகிறோம்.

நம் ஊரில் பனி இல்லை. புல் வருஷம் முழுக்க முளைக்கிறது. பிறகு எதற்கு ஊறுகாய்ப்புல் என்று கேட்பீர்கள். ஆடு வளர்க்கிறவர்களுக்கு விடை தெரியும். வருஷக் கடைசியில் அடைமழை பிடித்தால் நாள் கணக்கில் வெளியே போக முடியாது. ஈரப் புல்லை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வறட்சி வந்தால் புல் காய்ந்து கம்பியாகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் களைக்கொல்லி. செம்பனைக் காட்டில் எந்தப் பத்தியில் மருந்து அடித்திருக்கிறது என்று ஆட்டுக்குத் தெரியுமா? பாராகுவாட் என்ற கொடிய மருந்து மலேசியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்ற மருந்துகள் அடிக்கப்படுகின்றன. மருந்து படாத இடத்தில் புல் தளதளவென்று இருக்கும்போதே வெட்டி மூடி வைத்துக்கொண்டால், ஒரு மாதத்துக்காவது பயம் இல்லை.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம். மட்டமான புல்லை டிரம்மில் போட்டு மூடினால் அது உயர்ந்த புல்லாக மாறிவிடாது. போட்டதுதான் வரும். அதிலும் கொஞ்சம் குறைந்துதான் வரும். முற்றிய லாலான் புல்லில் சர்க்கரையும் இல்லை, புரதமும் இல்லை. தண்டு விறைப்பாக இருப்பதால் எவ்வளவு அமுக்கினாலும் நடுவில் காற்று நிற்கும். சர்க்கரை இல்லாவிட்டால் நல்ல கிருமிக்குத் தீனி இல்லை. தீனி இல்லாவிட்டால் புளிப்பு ஏறாது. நம் வெப்ப நாட்டுப் புல் எல்லாவற்றுக்குமே இந்தக் குறை கொஞ்சம் உண்டு. அதனால்தான் சர்க்கரைப்பாகு. விர்த்தனென் புளிப்பையே ஊற்றினார். நாம் புளிப்பை உண்டாக்குகிற கிருமிக்குச் சோறு போடுகிறோம். போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

செய்கிற விதம் இது. நேப்பியர் புல்லோ, கினிப் புல்லோ, சாலையோரப் புல்லோ, பூ விடுவதற்கு முன் வெட்ட வேண்டும். லாலான்தான் இருக்கிறது என்றால் இளம் தளிராகப் பார்த்து, மற்ற புல்லோடு கலந்து மட்டும் போடுங்கள். அரை நாள் நிழலில் பரப்பி வாட விடுங்கள். ஒரு பிடி எடுத்து முறுக்கினால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பிறகு ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் பொடியாக நறுக்குங்கள். இந்த நறுக்குகிற வேலையில்தான் நம் ஆட்கள் சோம்பல் படுவார்கள். நீளமாகப் போட்டால் அமுங்காது. அமுங்காவிட்டால் கெட்டுப் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு கிலோ புல்லுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ சர்க்கரைப்பாகு. அதே அளவு தண்ணீரில் கரைத்துப் பரவலாகத் தெளித்துப் பிசறுங்கள். நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு சாண் போட்டு, ஏறி மிதித்து, மறுபடி ஒரு சாண் போட்டு மிதித்து, கழுத்து வரை நிரப்புங்கள். 200 லிட்டர் டிரம்மில் ஏறக்குறைய நூறு கிலோ பிடிக்கும். மேலே கெட்டிப் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மூடி, மூடிக்குப் பட்டை. ஒரே நாளில் நிரப்பி மூடிவிட வேண்டும். இன்று பாதி, நாளைக்கு மீதி என்பது கூடவே கூடாது. பூச்சி மருந்து, களைக்கொல்லி வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தொடாதீர்கள். மூடியதை மூன்று வாரம் திறக்காதீர்கள். எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று நடுவில் திறந்து பார்க்கிற பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

திறக்கும்போது மூக்குத்தான் சோதனைச்சாலை. மஞ்சள் கலந்த பச்சை நிறம், புளித்த பழ வாசனை இருந்தால் வெற்றி. கறுத்து வழுவழுவென்று இருந்தாலோ, ஊசிப்போன வெண்ணெய் நாற்றம் அடித்தாலோ, பூஞ்சணம் படர்ந்திருந்தாலோ அந்தப் பாகத்தை ஆட்டுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கெட்ட ஊறுகாய்ப்புல்லில் லிஸ்டீரியா என்ற கிருமி வளரும். அது ஆட்டின் மூளையைத் தாக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஆடு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். அப்படிக் கண்டால் உடனே கால்நடை டாக்டர்தான், கைவைத்தியம் வேண்டாம். நல்ல புல்லாக இருந்தாலும் முதல் நாள் ஒரு பிடி, மறுநாள் இரண்டு பிடி என்று ஒரு வாரம் பழக்குங்கள். பிறகு முப்பது கிலோ ஆட்டுக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ வரை போடலாம். மீதி வயிற்றுக்கு வழக்கமான தழையும் காய்ந்த புல்லும். திறந்த டிரம்மைத் தினமும் எடுத்துவிட்டு மறுபடி அமுக்கி மூட வேண்டும்.

புரதக் குறைக்கு என்ன செய்வது? அதற்கும் விர்த்தனெனிடமே போகலாம். அவரது வாழ்நாள் ஆராய்ச்சியில் இன்னொரு பாதி, பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சைப் பற்றியது. ரப்பர் கன்று, செம்பனைக் கன்று நடும்போது வரிசைக்கு நடுவில் பூரேரியா கொடி விடுவார்களே, பார்த்திருப்பீர்கள். களை வராமல் இருக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை. அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அதற்குள் குடியிருக்கும் கிருமி, காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே சிவந்திருக்கும். ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள் அது. அந்தச் சிவப்பு இருக்கும் வரைதான் முடிச்சு நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று எடுத்துக்காட்டியவர்களில் விர்த்தனென் ஒருவர். காற்றிலிருந்து வந்த அந்த நைட்ரஜன்தான் இலையில் புரதமாகிறது. அதனால்தான் பயறுவகை இலையில் புரதம் அதிகம். புல் நான்கு பங்குக்குப் பெத்தாய் பெலாலாங், கிளிரிசிடியா போன்ற மரத்தழை ஒரு பங்கு கலந்து போட்டால் ஆட்டுக்கு நல்லது. தழையை மட்டும் போட்டு மூடினால் புளிப்பு சரியாக ஏறாது. புல்தான் அதிகம் இருக்க வேண்டும்.

1931-இல் உயிர்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார், பிறகு பேராசிரியர். 1939-இல் போர் வந்தது. பின்லாந்து 1944 வரை விட்டு விட்டு ரஷ்யாவோடு போரிட்டது. வெளிநாட்டுப் புண்ணாக்கை நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. தன் மண்ணில் முளைத்த புல்லைக் கெடாமல் வைத்திருக்கத் தெரிந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நம் பெரியவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொண்டிருப்பார்கள்.

போர் முடிந்த 1945-லேயே நோபல் பரிசு. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் போய் வாங்கினார். வேளாண்மை, உணவு ஆகிய துறைகளில் செய்த ஆராய்ச்சிக்காக, முக்கியமாகத் தீவனத்தைக் காக்கும் முறைக்காக என்று பரிசுக் குறிப்பில் இருக்கிறது. அவர் அங்கே செய்த பேருரை, நைட்ரஜனையும் புல்லையும் மனிதனின் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசியது. 1948-இல் பின்லாந்து அகாடமியின் தலைவரானார்.

புகழ் வந்த பிறகும் ஆள் மாறவில்லை. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளவில்லை. புகை, மது இரண்டும் கிடையாது. அறுபது வயதைத் தாண்டியும் பண்ணை மாடுகளை விடவில்லை. கடைசியாக அவர் எடுத்துக்கொண்ட கேள்வி விசித்திரமானது. மாட்டுக்குப் புரதமே கொடுக்காமல் பால் கறக்க முடியுமா? மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரைப்பை நான்கு அறை. முதல் அறையில் கோடானுகோடிக் கிருமிகள். அவை யூரியாவையும் அம்மோனியா உப்பையும் பிடித்துப் புரதமாக்கிக்கொள்ளும். அந்தக் கிருமிகளையே மாடு செரித்துக்கொள்ளும். புரதத்துக்குப் பதில் யூரியாவும் அம்மோனியா உப்பும் மட்டும் கொடுத்து மாடுகளை வளர்த்தார். அவை கன்று போட்டன, பாலும் கறந்தன. 1966-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். வருஷத்துக்கு 4,000 கிலோவுக்கு மேல் பால் கொடுத்த மாடும் அதில் உண்டு. உலகம் வியந்தது.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. அவர் அந்த மாடுகளைச் சிறுகச் சிறுகப் பழக்கினார், கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டார். கிட்டங்கியில் உர மூட்டை இருக்கிறதே என்று ஒரு கை யூரியாவை ஆட்டுத் தீனியில் கலந்தால், வயிறு உப்பி ஒரு மணி நேரத்தில் ஆடு செத்துவிடும். உர மூட்டைக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டுவதுகூடத் தப்பு.

1973 நவம்பர் 11-ஆம் நாள் ஹெல்சிங்கியில் காலமானார், வயது 78. 1449 என்ற எண் கொண்ட ஒரு சிறு கோளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் பின்லாந்துக் குடியானவர்களுக்கு அவர் பெயர் வானத்தில் இல்லை, கொட்டகையில் இருக்கிறது. ஊறுகாய்ப்புல்லுக்கே அவர்கள் ஏ.ஐ.வி. தீனி என்றுதான் சொல்லிப் பழகினார்கள். ஃபார்மிக் ஆசிட் கலந்த மருந்து இன்றும் அந்த மூன்று எழுத்தோடுதான் விற்கிறது.

சர்க்கரைப்பாகு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஆட்டுத் தீவனம், கோழித் தீவனம் விற்கும் கடையில் மொலாசஸ் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் மட்டமான பழுப்புச் சர்க்கரை, நூறு கிலோ புல்லுக்கு இரண்டு கிலோ, தண்ணீரில் கரைத்துத் தெளித்தாலும் வேலை நடக்கும்.